அத்தியாயம் 7: பிக்கைக் கொடுத்து சீனியரை வாங்கலாமா?

உங்கள் ஊர் லீக்கில் எட்டு அணிகள். ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது; அதில் வரும் ஒவ்வொரு முறையும் ஒரு பிக். எதிரணி மேலாளர் போனில் கூப்பிடுகிறார். "தம்பி, அந்த ஸ்ட்ரைக்கர் அண்ணனை உங்களுக்கே தந்துடறேனுங்க. உங்க முதல் சுற்று பிக்கை மட்டும் எங்களுக்கு விட்டுக்குடுங்க." அந்த ஸ்ட்ரைக்கரை உங்களுக்குத் தெரியும். பாலக்காடு, மலப்புறம் பக்கம் செவன்ஸ் (எழுவர் கால்பந்து) ஆடி, கோவையில் கல்லூரி அணிக்கும் ஆடி, இப்போது முப்பத்து மூன்று வயதில் வேலைக்குப் போய்க்கொண்டே பந்தாடுகிறவர். பந்து காலுக்கு வந்தால் கோல்தான். என்ன பதில் சொல்வீர்கள்?

உடனே எதுவும் சொல்லாதீர்கள். "நாளைக்குச் சொல்றேனுங்கண்ணா" என்று வைத்துவிட்டு இந்த அத்தியாயத்தைப் படியுங்கள். பதிலை ஒரு நோட்டுத்தாளில் கணக்காகவே போட்டுவிடலாம். ஆட்டக்காரரின் திறமையைவிட, எத்தனை ஆட்டத்துக்கு அவர் மைதானத்தில் இருப்பார் என்பதே அந்தக் கணக்கைப் பெரும்பாலும் முடிவு செய்யும்.

கோவை பார்த்த பாடம்

2018-19 ஐ-லீக் பட்டத்தைச் சென்னை சிட்டி அணி வென்றது. பெயரில்தான் சென்னை, சொந்த மைதானம் கோவை நேரு ஸ்டேடியம். அதற்கு முந்தைய பருவத்தில் பட்டியலின் அடிப்பகுதியில் கிடந்த அணி அது. அந்த அணியின் மிகச் சிறந்த இளைஞர் மைக்கேல் சூசைராஜ் 2018-இல் ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். அணி முடிந்தது என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள்.

சிங்கப்பூர் பயிற்சியாளர் அக்பர் நவாஸ் அணியின் நடுத்தண்டை அனுபவசாலிகளைக் கொண்டு கட்டினார். பெத்ரோ மான்சி, நெஸ்தர் கோர்தியோ, சாந்த்ரோ ரோத்ரிகஸ், ரொபெர்தோ எஸ்லாவா ஆகியோர் ஸ்பெயினின் கீழ்நிலைப் பிரிவுகளில் வருடக்கணக்கில் ஆடிப் பழகியவர்கள். உலகப் புகழ் பெற்றவர்கள் யாரும் அதில் இல்லை. அவர்களைச் சுற்றி எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற இந்திய ஆட்டக்காரர்கள். முப்பது வயது மான்சி அடித்தது 21 கோல். 2019 மார்ச் 9 அன்று கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபிடம் ஒரு கோல் பின்தங்கி, பிறகு 3-1 என வென்றார்கள். மான்சி ஒரு பெனால்டி, கௌரவ் போரா இரண்டு கோல். 43 புள்ளி, இரண்டாமிடம் வந்த ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஐ-லீக் வென்ற முதல் தமிழ்நாட்டு அணி இதுதான்.

இந்தக் கதையின் அடுத்த பாதியையும் மேலாளர் படிக்க வேண்டும். 2020 ஜனவரியில் மான்சி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாதாவுக்குப் போனார். அந்தப் பருவத்தில் கோவை அணியால் பட்டத்தைத் தக்கவைக்க முடியவில்லை. சீனியரை நம்பிக் கட்டிய அணிக்கு, அவர் கிளம்பும் நாளுக்கான திட்டமும் முன்பே இருக்க வேண்டும்.

2014-இல் இந்தியன் சூப்பர் லீக்கின் முதல் பருவத்தில் சீனியரை நம்புவதன் இன்னொரு முகம் தெரிந்தது. டெல்லி அணிக்கு வந்த இத்தாலிய நட்சத்திரம் அலெசாண்ட்ரோ தெல் பியரோ பத்து ஆட்டத்தில் ஒரே ஒரு கோல் அடித்தார். அதே பருவத்தில் சென்னையின் பிரேசில்காரர் எலானோ எட்டு கோலோடு அதிக கோல் அடித்தவரானார். இருவருமே பழுத்த அனுபவசாலிகள். பெயரைப் பார்த்து விலை கொடுத்திருந்தால் இருவருக்கும் இடையிலான வித்தியாசம் தெரிந்திருக்காது.

படி 1: உங்கள் முறை எந்த எண்ணில் வருகிறது?

பெரும்பாலான உள்ளூர் லீக்குகளில் பாம்பு முறைதான்: முதல் சுற்றில் 1 முதல் 8 வரை, இரண்டாம் சுற்றில் 8-இலிருந்து 1-க்குத் திரும்பும். மூன்றாவதாகத் தேர்வு செய்யும் அணிக்கு 3, 14, 19, 30 ஆகிய எண்கள் வரும். இவற்றைத் தாளில் எழுதி ஒட்டிவையுங்கள். "முதல் சுற்று பிக்" என்று யாராவது கேட்டால் உங்கள் காதில் அது "மூன்றாம் எண்" என்று விழ வேண்டும். மூன்றாம் எண்ணும் எட்டாம் எண்ணும் ஒரே சுற்றுதான், ஒரே விலை அல்ல.

குறிப்பு: சில லீக்குகளில் கடைசியில் முடித்த அணிக்கு அடுத்த ஆண்டு முதல் எண் கிடைக்கும். அங்கே அடுத்த ஆண்டு பிக்கை விற்கும்போது, இந்த ஆண்டு நீங்கள் தோற்றால் அந்தப் பிக் எவ்வளவு ஏறும் என்பதையும் சேர்த்தே யோசியுங்கள். நீங்கள் பலவீனமான அணி என்றால், எதிரணி கேட்பது இருப்பதிலேயே நல்ல பிக்கைத்தான்.

படி 2: ஓட்டை எங்கே?

கோல்கீப்பர், ஸ்டாப்பர், நடுக்களத்தில் ஒருவர், ஸ்ட்ரைக்கர். இந்த நால்வர்தான் நடுத்தண்டு. இதில் எந்த இடத்தில் உங்களுக்கு நம்பிக்கையான ஆள் இல்லை என்று பாருங்கள். சீனியருக்குப் பிக் கொடுப்பது அந்த இடத்துக்கு மட்டும் நியாயம். விங்கில் முப்பத்து மூன்று வயதுக்காரரை வாங்காதீர்கள். அந்த இடத்துக்கு ஓட்டம் வேண்டும். ஓட்டம் குறைந்தாலும் இடம் தெரிந்து நிற்பவர் கீப்பராகவும் ஸ்டாப்பராகவும் நிலைப்பார்.

படி 3: கணக்குத் தாள்

இந்த அத்தியாயத்தில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். உங்கள் லீக்கில் பத்து ஆட்டம், ஆட்டக்காரரை அடுத்த பருவத்துக்கும் தக்கவைக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவருக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் கொடுங்கள்.

1. சீனியர்: மதிப்பெண் 5. வேலை, கல்யாணம், காயம் எல்லாம் போக 6 ஆட்டத்துக்கு வருவார்.
2. பிக்கில் கிடைக்கும் பையன்: மதிப்பெண் 3. 9 ஆட்டத்துக்கு வருவான்.
3. இவர்கள் வராத நாளில் ஆடப்போகும் பெஞ்ச் ஆட்டக்காரர்: மதிப்பெண் 2. இவரைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

இந்தப் பருவம்: சீனியர் 5×6 = 30, மீதி நாலு ஆட்டம் பெஞ்ச் 2×4 = 8, மொத்தம் 38. பையன் 3×9 = 27, பெஞ்ச் 2, மொத்தம் 29.

அடுத்த பருவம்: சீனியர் ஒரு படி இறங்கி மதிப்பெண் 4, வருகையும் குறைந்து 4 ஆட்டம். 16 + 12 = 28. பையன் ஒரு படி ஏறி மதிப்பெண் 4; 36 + 2 = 38. ஆனால் பையன் இருப்பானா? பட்டப்படிப்பு முடிந்தால் பெங்களூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போய்விடுவான். போய்விட்டால் பத்து ஆட்டமும் பெஞ்ச் ஆள்தான்: 20. இருப்பதும் போவதும் சரிபாதி வாய்ப்பு என்றால் 38-க்கும் 20-க்கும் நடுவே 29.

இரு பருவமும் சேர்த்து சீனியர் பக்கம் 66, பையன் பக்கம் 58. அப்போது சீனியரை வாங்கலாம்.

இதோடு நிறுத்தாமல் எண்களை அசைத்துப் பாருங்கள். பையனின் வீடும் வேலையும் உள்ளூரிலேயே, கண்டிப்பாக இருப்பான் என்றால் அவன் பக்கம் 67. சீனியரோடு கிட்டத்தட்ட சமம். சீனியர் இந்தப் பருவத்தில் 6-க்குப் பதில் 3 ஆட்டத்துக்குத்தான் வருவார் என்றால் அவர் பக்கம் 57, பையனைவிடக் கீழே. மூன்றாம் பருவத்தையும் சேர்த்தால் சீனியர் ஓய்ந்துவிட, பையன் இன்னும் ஒரு படி ஏற, ஒவ்வொரு ஆண்டும் இருப்பதற்குச் சரிபாதி வாய்ப்போடு இரு பக்கமும் 85-ஐ ஒட்டி நிற்கும்.

அப்படியானால் பேரத்தை ஆட்டிவைப்பவை இரண்டே எண்கள்: சீனியரின் வருகை, பையன் ஊரில் தங்கும் வாய்ப்பு. கோல் எண்ணிக்கையைப் பற்றி ஒரு வாரம் விசாரிப்பதற்குப் பதில் இந்த இரண்டைப் பற்றி ஒரு மாலை விசாரியுங்கள்.

படி 4: சீனியரின் வருகையை விசாரித்தல்

போன பருவத்தின் ஸ்கோர் ஷீட்டை லீக் நடத்துபவரிடம் கேட்டு வாங்குங்கள். எத்தனை ஆட்டத்தில் இறங்கினார், எத்தனை ஆட்டத்தில் பாதியில் வெளியே வந்தார் என்று எண்ணுங்கள். பிறகு நேரில் போய்ப் பேசுங்கள். மரியாதையோடு, நேராக:

"அண்ணா, ஷிப்ட் எப்படீங்க? ஞாயித்துக்கிழமை காலைல வர முடியுங்களா?"

"மாசத்துல ரெண்டு ஞாயிறு நைட் ஷிப்ட் முடிச்சு வரணும் தம்பி."

இந்த ஒரு பதில் உங்கள் தாளில் 6-ஐ 4 ஆக்கிவிடும். திருப்பூர், சோமனூர், பல்லடம் பக்கம் வேலை செய்கிறவர்களிடம் தீபாவளிக்கு முந்தைய வாரங்களையும் கேளுங்கள். ஆர்டர் நெருக்கும் அந்த நாட்களில் பந்து இரண்டாம்பட்சம்தான். செவன்ஸ் ஆடுகிறவராக இருந்தால், அந்தப் பருவம் உங்கள் லீக்கோடு மோதுகிறதா என்று பாருங்கள். வாளையாறு தாண்டிக் கேரளாவுக்குப் போனால் ஒரு இரவுக்குக் கையில் பணம் கிடைக்கும்போது, உங்கள் லீக் ஆட்டத்துக்கு அவர் வராமல் போனால் குறை சொல்ல முடியாது. முன்கூட்டியே பேசிக்கொள்ளாததுதான் குறை.

படி 5: உடம்பைப் பார்த்தல்

ஒரே ஒரு பயிற்சி ஆட்டத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்:

1. இடதுபக்கமும் வலதுபக்கமும் திடீரெனத் திரும்பச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் தயங்கினால் முட்டியில் ஏதோ இருக்கலாம்.
2. இரண்டாம் பாதியின் கடைசிப் பதினைந்து நிமிடத்தைப் பாருங்கள். முதல் பத்து நிமிடம் எல்லோருமே நன்றாகத்தான் ஆடுவார்கள்.
3. மறுநாள் காலை போன் செய்து உடம்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். மாடிப்படி இறங்க முடியவில்லை என்றால், வாரம் ஒரு ஆட்டம்கூட அவருக்குக் கனம்.

எந்த வயதுக்காரரும் நெஞ்சு இறுக்கம், படபடப்பு, மயக்கம் என்று ஒருமுறை சொல்லியிருந்தாலும் மருத்துவர் பார்த்து, இ.சி.ஜி. எடுத்து, ஆடலாம் என்று எழுதிக் கொடுக்கும்வரை மைதானத்தில் இறக்க வேண்டாம். அவரே "ஒண்ணுமில்லீங்க" என்று சொன்னாலும் வேண்டாம். இந்த விஷயத்தில் பேரம் கிடையாது.

குறிப்பு: ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கோவையின் மேற்கு மைதானங்களில் பந்தையே திருப்பிவிடும். அந்த மாதங்களில் டிரயல் வைத்தால் ஒவ்வொருவரையும் இரு பாதியிலும், இரு திசையிலும் ஆடவிட்டுப் பாருங்கள். காற்றோடு அடித்த நீண்ட பாஸைப் பார்த்து மதிப்பெண் போட்டால் ஏமாந்துபோவீர்கள்.

படி 6: பிக்கில் வரப்போகும் பையன்கள்

பிக்கின் விலை, அந்த எண் வரும்போது யார் மிச்சம் இருப்பார்கள் என்பதைப் பொறுத்தது. டிராஃப்டுக்குப் பதிந்தவர்களின் பட்டியலை வாங்கி, உங்கள் மூன்றாம் எண் வரும்போது கிடைக்கக்கூடிய ஐந்து பேரைக் குறியுங்கள். அந்த ஐந்து பேருக்கும் மூன்றாம் படியின் தாளை நிரப்பிச் சராசரி எடுங்கள். மிகச் சிறந்தவனை மனதில் வைத்து விலை பேசாதீர்கள்; அவன் உங்களுக்கு முன்னால் இருக்கும் இரு அணிகளுக்கும் தெரிந்தவன்தான்.

பிளஸ் டூ மாணவன் என்றால் பிப்ரவரி, மார்ச்சில் அவன் கிடையாது என்றே எழுதுங்கள். பொதுத் தேர்வுக் காலத்தில் பையனை மைதானத்துக்கு இழுப்பது தவறு. பதினெட்டு வயது ஆகாதவர் யாராக இருந்தாலும் பெற்றோரின் கையெழுத்து வேண்டும். முதலில் அம்மா அப்பாவைப் பாருங்கள், பிறகு பையனிடம் பேசுங்கள். வயதுச் சான்றுக்குப் பிறப்புச் சான்றிதழும் பள்ளி மாற்றுச் சான்றிதழும் ஒத்துப்போக வேண்டும்.

வெளியில் இதை எப்படிச் செய்கிறார்கள்?

இந்தக் கலையை மிக ஆழமாக வளர்த்தது அமெரிக்கக் கால்பந்து. அது வேறு விளையாட்டு. பிக் கணக்கு ஒன்றே. 1989 அக்டோபரில் டல்லாஸ் அணி தன் நட்சத்திரம் ஹெர்ஷல் வாக்கரை மினசோட்டாவுக்குக் கொடுத்து, சில வீரர்களையும் பல ஆண்டுகளின் பிக்குகளையும் வாங்கியது. அந்தப் பிக்குகளைப் பரிமாறி 1990-இல் எம்மிட் ஸ்மித்தை எடுத்தார்கள். 1993, 1994, 1996 ஆண்டுகளின் ஜனவரியில் மூன்று சூப்பர் பவுல் பட்டம். மினசோட்டாவுக்கு வாக்கரால் ஒன்றும் கிடைக்கவில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2021-இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் இரண்டு முதல் சுற்று பிக், ஒரு மூன்றாம் சுற்று பிக், தன் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) எல்லாவற்றையும் டெட்ராய்ட்டுக்குக் கொடுத்து, அவர்களின் குவார்ட்டர்பேக்கான 33 வயது மேத்யூ ஸ்டாஃபோர்டை வாங்கியது. 2022 பிப்ரவரியில் பட்டம். அடுத்த பருவத்தில் 17 ஆட்டத்தில் வெறும் 5 வெற்றி. கொடுத்துவிட்ட பிக் ஆறாம் எண்ணாகப் போய் டெட்ராய்ட்டின் கையில் விழுந்தது. ஆனாலும் ராம்ஸ் செய்தது சரி என்பதே என் கருத்து. பட்டம் எட்டும் தூரத்தில் இருந்த அணி அது, ஓட்டையும் ஒரே இடத்தில்தான் இருந்தது.

கேட் மாஸி, ரிச்சர்ட் தாலர் என்ற ஆய்வாளர்கள் இந்தச் சந்தையை ஆராய்ந்து ஒன்றைக் காட்டினார்கள்: முதல் சுற்றின் உச்சிப் பிக்குகளுக்கு அணிகள் தகுதிக்கு மீறிய விலை தருகின்றன. நம் லீக்குக்கும் இது பொருந்தும். யாராவது உங்கள் மூன்றாம் எண்ணுக்கு அதற்குப் பிந்தைய நல்ல எண்கள் இரண்டு தந்தால் பெரும்பாலும் வாங்கிக்கொள்ளலாம்.

படி 7: பேரம்

1. முதல் விலையை அவர்கள் சொல்லட்டும்.
2. முதல் சுற்று பிக்கைக் கொடுப்பதற்கு முன், "இரண்டாம் சுற்று தரேனுங்க, கூட ஒரு பெஞ்ச் ஆளும் தரேன்" என்று கேட்டுப் பாருங்கள்.
3. அது நடக்காவிட்டால் பிக் மாற்று கேளுங்கள்: நீங்கள் முதல் சுற்று எண்ணைத் தருகிறீர்கள், சீனியரோடு அவர்களின் இரண்டாம் சுற்று எண்ணும் உங்களுக்கு. வெறுங்கையோடு டிராஃப்டில் உட்காராதீர்கள்.
4. நிபந்தனை வையுங்கள்: சீனியர் ஐந்து ஆட்டத்துக்குக் குறைவாக இறங்கினால், அடுத்த ஆண்டு அவர்களின் மூன்றாம் சுற்று பிக் உங்களுக்கு.
5. ஒத்துக்கொண்டதை அன்றே ஒரு தாளில் எழுதி, இரு மேலாளரும் சீனியரும் லீக் செயலாளரும் கையெழுத்துப் போடுங்கள். சீனியரைக் கேட்காமல் அவரைக் கைமாற்றுவது மரியாதை இல்லை. அப்படி வந்தவர் மனசோடு ஆடமாட்டார்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

போன வருட இறுதியாட்டத்தில் உங்களுக்கு எதிராக இரண்டு கோல் போட்டார் என்பதற்காக ஒருவரை வாங்குவதுதான் முதல் தவறு. அந்த ஒரு மாலை உங்கள் கண்ணில் நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

ஒரே பருவத்தில் மூன்று சீனியர்களை வாங்குவது அதைவிடப் பெரிய தவறு. மூவரும் ஒரே முகூர்த்த நாளில் கல்யாணத்துக்குப் போய்விட்டால் பெஞ்ச்தான் ஆடும். பதினோரு பேர் அணியில் இருவர், செவன்ஸ் அணியில் ஒருவர் என்பது என் கணக்கு.

இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு வரும் பிக்கை விற்கவே வேண்டாம். அப்போது உங்கள் லீக் நடக்குமா, நீங்கள் மேலாளராக இருப்பீர்களா என்பதே தெரியாது. அடுத்தவர் தலையில் கடனை ஏற்றுவது நியாயமில்லை.

பாதுகாப்பு: ஒப்பந்தம் ஆன பிறகு

1. சீனியருக்கும் மற்றவர்களுக்கும் ஒரே வார்ம்-அப் வைக்காதீர்கள். அவர் இருபது நிமிடம் முன்பே வந்து தனியாகத் தொடங்கட்டும். டர்ஃபில் ஆடினால் தொடைத் தசைக்குக் கூடுதல் கவனம்.
2. ஏப்ரல், மே மாதங்களில் காலை எட்டு மணிக்குள் முடியும்படி ஆட்டம் கேளுங்கள். ஒவ்வொரு பாதியின் நடுவிலும் தண்ணீர் இடைவேளை, உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் ஒரு குடம்.
3. தலையில் அடிபட்டு ஒரு நொடி தடுமாறினாலும் அந்த ஆட்டத்தில் திரும்ப இறக்கக் கூடாது, அவர் எவ்வளவு சொன்னாலும்.
4. அருகிலுள்ள மருத்துவமனையின் பெயர், போகும் வழி, வண்டி ஓட்டப்போவது யார் என்பதை முதல் ஆட்டத்துக்கு முன்பே முடிவு செய்யுங்கள். 108 எண் எல்லோர் போனிலும் இருக்கட்டும்.
5. பருவம் முழுவதற்குமான விபத்துக் காப்பீட்டை அணியின் பெயரில் எடுங்கள். வேலைக்குப் போகிற சீனியருக்கு முட்டி போனால் வீட்டுக்கு வருமானம் போகும். பிக் பேரத்தின் செலவில் இதையும் சேர்த்தே எழுதுங்கள்.
6. பதினெட்டுக்குக் கீழே உள்ளவர்கள் வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் பெரியவர் இருவராவது உடன் போக வேண்டும். தங்கும் அறை தனி.

கடைசியாக ஒரு வேலை. ஐந்தாவது ஆட்டம் முடிந்ததும் அந்தக் கணக்குத் தாளை மறுபடியும் எடுத்து, சீனியரின் உண்மையான வருகையை எழுதுங்கள். ஐந்தில் இரண்டு ஆட்டத்துக்குத்தான் வந்திருந்தால், பெயர்ப் பதிவு முடியும் தேதிக்கு முன்பே அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். பெஞ்சில் இருக்கும் பையனை அடுத்த ஆட்டத்திலிருந்தே முதல் பதினொன்றில் இறக்கத் தயார் செய்யுங்கள்.